92 என்று எழுதிய கை

வீட்டுக் கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அந்த வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் வழக்கமாக என்ன செய்கிறார் என்பதை அதில் இரண்டு இலக்கத்தில் எழுத வேண்டும். மாதச் சம்பளத்துக்குப் போகிறவர் 31. தினக்கூலி 51. படிக்கிற பிள்ளை 91. வீட்டை மட்டும் கவனித்துக்கொள்பவர் 92. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் நெடுநாளாகப் புழங்கும் எண்கள் இவை. என் ஆய்வுப் படிவங்களிலும் இவற்றையே வைத்துக்கொண்டேன். நான் தவறாக எழுதிய ஒரு 92 பற்றித்தான் இந்தக் கட்டுரை. தவறு என்று தெரிந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் நான் வாய் திறக்காமல் இருந்தேன். அதையும் சொல்லியாக வேண்டும்.

வட சென்னையில் ஓர் அச்சகத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவள் நான். கல்லூரியில் படித்தது பொருளாதாரம். பிறகு நகர்த் திட்டமிடலில் முதுகலை. முனைவர் பட்டத்துக்குப் போக்குவரத்துப் பொருளாதாரம். 28 ஆண்டுகள் வகுப்பெடுத்துவிட்டு ஓய்வு பெற்றேன். திட்டமிடல் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். பொருளாதார மாணவர்களுக்கு வரைபடம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தேன். அரசு அலுவலர்களுக்கான பயிற்சிகளில் பொதுக் கொள்கை எடுத்தேன். மூன்று துறைகளும் சேரும் முச்சந்தியில் நிற்பதை என் பலம் என்று எண்ணினேன். வரைபடம் போடுகிறவர் விட்டதைக் கணக்குப் போடுகிறவர் பிடிப்பார், கணக்கில் தப்பியதை ஆணை எழுதுகிறவர் பிடிப்பார் என்று நம்பினேன். என் தவறு இந்த மூன்று கைகளையும் தாண்டிப் போயிற்று. யாரும் அதை நிறுத்தவில்லை.

சென்னையில் கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் மக்கள் குடிசை போட்டதற்குக் காரணம், அங்கிருந்து வேலைக்கு நடந்து போக முடிந்ததுதான். நகர்ப் பொருளாதாரத்தின் முதல் பாடமே இதுதான். வில்லியம் அலான்சோ 1964-இல் எழுதிய நூலை வைத்து ஆண்டுதோறும் இதை நடத்துவேன். நகர மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக நில வாடகை குறையும், பயணச் செலவு ஏறும். பயணச் செலவைத் தாங்க முடியாத குடும்பம் மையத்துக்குப் பக்கத்திலேயே கையகல இடத்தில் ஒடுங்கிக்கொள்ளும். வெள்ளமும் கொசுவும் நாற்றமும் அந்த இடத்துக்கு அது கொடுக்கும் வாடகை.

இதை நம் ஊர் ஒரு காலத்தில் நன்றாகவே புரிந்துவைத்திருந்தது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தது, 1971-இல் அதற்கான சட்டம் வந்தது. 1977-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய திட்டத்தில், பல குடிசைப் பகுதிகளுக்கு இருந்த இடத்திலேயே தண்ணீரும் கழிப்பிடமும் தெருவிளக்கும் வந்தன. அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கொடுங்கையூரிலும் சிறுசிறு மனைகளாகப் பிரித்து, அடிப்படை வசதி செய்து, மக்களே தங்கள் கைக்கு ஏற்றபடி வீடு கட்டிக்கொள்ள விட்டார்கள். அந்த மனைகள் இன்று மாடி வைத்த வீடுகளாகவும் கீழே கடை வைத்த தெருக்களாகவும் நகரத்தோடு கலந்துவிட்டன. 2000-க்குப் பிறகு காற்று வேறு பக்கம் வீசியது. ஆற்றோரத்து மக்களைப் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் பெரும் அடுக்குமாடிகளில் குடியேற்றத் தொடங்கினார்கள். கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அடுத்து செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேல்.

அந்தக் காலத்தில்தான் ஓர் அமைப்பு என்னை அணுகியது. ஆற்றங்கரைக் குடியிருப்பு ஒன்றை நகரின் தென் விளிம்புக்கு மாற்றினால் பயன் கூடுதலா, செலவு கூடுதலா என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு அது முதல் பெரிய பொறுப்பு. ஆசையோடு ஏற்றுக்கொண்டேன்.

இந்தக் கணக்குக்கு நீண்ட மரபு உண்டு. ஒரு பாலம் மக்களுக்கு எவ்வளவு பயன் தருகிறது என்பதை அளக்க முடியும் என்று ஜூல் த்யூப்வி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1844-இல் காட்டினார். 1939-இல் கால்டோரும் ஹிக்ஸும் ஒரு விதி தந்தார்கள். ஒரு திட்டத்தால் சிலர் லாபம் அடைகிறார்கள், சிலர் இழக்கிறார்கள் என்றால், லாபம் அடைந்தவர்கள் இழந்தவர்களுக்கு ஈடு கட்டிவிட்டு மிச்சமும் வைத்துக்கொள்ள முடியுமா என்று பார். முடியும் என்றால் திட்டம் நல்லது. ‘முடியுமா’ என்பதோடு விதி நின்றுவிடுகிறது. கட்டினார்களா என்று அது கேட்பதில்லை. கேரி பெக்கர் 1965-இல் நேரத்தைக் கணக்குக்குள் கொண்டுவந்தார். ஒருவர் பயணத்தில் இழக்கும் ஒரு மணி நேரத்துக்கும் விலை உண்டு. அந்த நேரத்தில் அவர் ஈட்டியிருக்கக்கூடிய கூலியிலிருந்து அந்த விலையைக் கணிக்கலாம்.

இந்த மூன்றையும் என் வீட்டுச் சாமான் மாதிரிக் கையாளத் தெரிந்தவள் நான். ஒரு பக்கம், காலியாகும் ஆற்றோர நிலத்தின் மதிப்பு, வெள்ள இழப்பில் மிச்சம், கெட்டியான கூரை, தனிக் கழிப்பறை. மறுபக்கம், அடுக்குமாடி கட்டும் செலவு, பேருந்துக் கட்டணம், பயண நேரம். ஒவ்வொருவரின் பயண நேரத்தையும் அவரவர் கூலியால் பெருக்கினேன். கூலி எவ்வளவு என்பதை அந்த இரண்டு இலக்கக் கட்டம் சொன்னது. 31, 51 என்றால் கூலியைக் கேட்டு எழுதினோம். 92 என்றால் கூலி பூஜ்யம். பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

படிவத்தை ஆங்கிலத்தில் தயாரித்து, பிறகு நானே தமிழில் எழுதினேன். 92-க்கு நேரே நான் எழுதிய சொற்கள்: ‘வீட்டு வேலை மட்டும்’.

தமிழ் வாசகருக்கு இப்போதே பொறி தட்டியிருக்கும். எனக்கு அப்போது தட்டவில்லை.

நாங்கள் களத்துக்குப் போனது காலை 10 மணிக்கு மேல். மாணவர்கள் கல்லூரிக்கு வந்து, வண்டி ஏறி, அங்கே போய்ச் சேர அந்த நேரம் ஆகிவிடும். அதற்குள் பெண்களில் பெரும்பாலோர் கிளம்பிப் போயிருந்தார்கள். இருந்தவர்களிடம் கேட்டோம். இராக்காவல் முடிந்து வந்து படுத்த கணவர், திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமனார், லீவு போட்ட மகன். மாணவர்களுக்குச் செய்து காட்டுவதற்காக முதல் சில வீடுகளில் நானே படிவம் நிரப்பினேன். ஒரு வீட்டில் வாட்ச்மேன் வேலை பார்க்கும் ஒருவர் தூக்கக் கண்ணோடு எழுந்து வந்து பதில் சொன்னார். அவருக்கு 31. பையனுக்கு 91. மனைவி என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

“வூட்டு வேல தாம்மா.”

92 என்று எழுதினேன். அடுத்த வரிக்குப் போனேன்.

நான் பிறந்து வளர்ந்த ஊரில் ‘வீட்டு வேலைக்குப் போகிறாள்’ என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, பெருக்கித் துடைப்பது. அதே இரண்டு சொற்கள் தன் வீட்டுச் சமையலையும் குறிக்கும். எந்தப் பொருளில் சொல்கிறார் என்பதை இன்னொரு கேள்வி கேட்டால்தான் பிரிக்க முடியும். நான் கேட்கவில்லை. காது கேட்டது தமிழில், மனம் நிரப்பியது ஆங்கிலப் படிவத்தை. அதைப் பார்த்துப் பழகிய மாணவர்களும் அப்படியே நிரப்பினார்கள்.

கணக்கு முடிந்தது. தராசு பயன் பக்கம் சாய்ந்தது. அறிக்கை கொடுத்தேன். அதையே ஆய்வுக் கட்டுரையாக விரித்து ஓர் இதழுக்கு அனுப்பினேன், வெளியானது. மற்றவர்கள் மேற்கோள் காட்டத் தொடங்கினார்கள். இணைப் பேராசிரியர் பதவி உயர்வுக்கான நேர்காணலில் அந்தக் கட்டுரையைத்தான் முதலில் புரட்டினார்கள். குடியிருப்பும் மாற்றப்பட்டது. என் அறிக்கை இல்லாவிட்டாலும் மாற்றியிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் காட்டுவதற்கு ஒரு பேராசிரியையின் கணக்கு அவர்கள் கையில் இருந்தது. அதைக் கொடுத்தவள் நான்.

2011-இல் பேருந்துத் தடங்கள் பற்றிய வேறோர் ஆய்வுக்காக அந்தப் புதிய குடியிருப்புக்குப் போனேன். விடிவதற்கு முன்பே போக வேண்டியிருந்தது. நாலரை மணி. நிறுத்தத்தில் வரிசையாகப் பெண்கள். கையில் பை, தலையில் நனைந்த முடி, பையில் டிபன் டப்பா. பக்கத்தில் நின்ற ஓர் அக்காவிடம் எங்கே போகிறார் என்று கேட்டேன்.

“பழைய இடத்துக்குத் தாம்மா. வூட்டு வேலைக்கு.”

எத்தனை வீடு என்றேன்.

“அங்க இருந்தப்ப நாலு வூடு. நடந்து போயி, வந்து புள்ளைக்கு சோறு போட்டுட்டு, திரும்பப் போவேன். இப்ப ரெண்டு பஸ்ஸு மாறணும். ஆறரைக்குள்ள போவலன்னா வேற ஆளு வச்சிக்கிறாங்க. மூணு வூடு போயிடுச்சு. ஒண்ணு தான் நிக்குது. அந்த அம்மா நல்லவங்க, ஏழு மணிக்கு வந்தாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

பேருந்து வந்தது. ஏறிக்கொண்டார்கள். நான் ஏறவில்லை. ‘வூட்டு வேல’ என்ற சொல் காதிலேயே நின்றது.

அன்று மாலை துறையின் இரும்பு பீரோவைத் திறந்து பழைய படிவக் கட்டுகளைக் கீழே இறக்கினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மனைவி, 92. மனைவி, 92. மருமகள், 92. மகள், 92. மாணவர்களின் கையெழுத்து. மேலே இருந்த முதல் சில படிவங்களில் என் கையெழுத்து. வாட்ச்மேன் 31, பையன் 91, மனைவி 92. சாய்வில்லாத, தெளிவான எழுத்து.

அந்த அம்மாள் அன்று காலை 10 மணிக்கு வீட்டில் இல்லை என்பதையே நான் ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டை மட்டும் கவனிப்பவர் காலை 10 மணிக்கு எங்கே போயிருப்பார்?

இதுவரை சொன்னது முறையில் நேர்ந்த பிழை. எந்த ஆய்வாளருக்கும் நேரலாம். இனிச் சொல்வது வேறு வகை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க இருந்தேன். இப்போது திருத்தம் வெளியிட்டால் அந்தக் கட்டுரை பட்டியலிலிருந்து விழும், தேர்வுக் குழுவில் கேள்வி எழும். எனக்கு நானே சில சமாதானங்கள் சொல்லிக்கொண்டேன். மாற்றம் நடந்து முடிந்துவிட்டது, இனிச் சொல்லி என்ன ஆகும்? எல்லா 92-ம் தவறாக இருக்காது. கூரையும் கழிப்பறையும் உண்மைதானே. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அதனால்தான் அவற்றை வைத்து என்னால் தூங்க முடிந்தது.

அடுத்த ஆண்டு ஒரு பயிற்சி வகுப்பில் இளம் அலுவலர் ஒருவர் எழுந்து, “மேடம், எங்க ஊர்ல ஒரு குடியிருப்பை மாத்தறதுக்கு உங்க கட்டுரையோட முறையைத்தான் அப்படியே எடுத்திருக்கோம்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். என் தவறு என் ஊரோடு முடியவில்லை என்பது அந்தக் கணத்தில் தெரிந்தது. அன்றே அவரிடம் சொல்லியிருக்கலாம். “களப்பணியில் கவனமாக இருங்கள்” என்று மட்டும் சொன்னேன்.

பேராசிரியர் நியமன ஆணை 2013-இல் கைக்கு வந்தது. அடுத்த வாரம் திருத்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். அதைத் துணிவு என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். இழப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத நாளில்தான் நான் உண்மையைச் சொன்னேன். அந்த இரண்டு ஆண்டுகளில் என் முறையைப் பார்த்து எத்தனை படிவங்களில் எத்தனை 92 விழுந்திருக்கும் என்பதை நான் ஒருநாளும் அறியப்போவதில்லை. என் பணிவாழ்வில் எனக்கு மிகவும் வெட்கம் தருவது அதுதான்.

மறுபடி கணக்கெடுத்தோம். இந்த முறை மாலை 6 மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனோம். பெண்களிடம் பெண்களே தனியாகப் பேசினார்கள். வேலை என்ன என்று கேட்கவில்லை. “நேற்றுக் கண் விழித்ததிலிருந்து படுத்தது வரை சொல்லுங்கள்” என்று கேட்டோம். விடியற்காலையிலிருந்து ஒவ்வொரு மணியாக வேலைகள் வெளியே வந்தன. பிறர் வீட்டில் சமையல், பூக்கட்டு, மீன் கூடை, இட்லி மாவு, அலுவலகத் துப்புரவு. பயண நேரத்துக்குக் கூலி போட்டதும், பெண்கள் வேலைக்குப் போய்வந்த குடும்பங்களில் தராசு மறுபக்கம் இறங்கியது. எல்லாக் குடும்பங்களும் இழக்கவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையோரக் கணினி நிறுவனங்களில் துப்புரவு வேலை கிடைத்தவர்களும் உண்டு, இந்தச் சுவரும் கதவும்தான் நிம்மதி என்று சொன்ன பெண்களும் உண்டு. லாபம் ஒரு சிலருக்கும் நட்டம் வேறு சிலருக்கும் போயிருந்தது. என் முதல் கணக்கு அந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே சராசரியில் கரைத்துவிட்டிருந்தது.

எழுத எழுத இன்னொன்றும் உறுத்தியது. கூலியைப் போட்டதும் நியாயம் வந்துவிட்டதா? அதே சாலையில் காரில் போகும் மென்பொருள் பொறியாளரின் ஒரு மணி நேரத்துக்குப் பெரிய தொகை, பேருந்தில் நிற்கும் அக்காவின் ஒரு மணி நேரத்துக்குச் சின்னத் தொகை. இந்தக் கணக்கை நம்பினால் மேம்பாலம் எப்போதும் காருக்குத்தான் வரும், பேருந்துக்கு வராது. பிரிட்டனில் பணி நேரத்துக்கு வெளியே நடக்கும் பயணத்துக்கு, ஆளின் வருமானத்தைப் பார்க்காமல், பொது மதிப்பையே அரசு வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. அதைப் பாடத்தில் ஓர் அடிக்குறிப்பாகச் சொல்லிக் கடந்திருந்த நான், அதன் பிறகு ஒரு முழு வகுப்பாக எடுத்தேன். யாருடைய ஒரு மணி நேரம் எவ்வளவு என்பதைச் சந்தை சொல்லிவிடும் என்று விட்டுவிடலாம். எல்லோருடைய ஒரு மணியும் ஒன்றுதான் என்று ஒரு குடியரசு முடிவெடுக்கவும் செய்யலாம். பொதுக் கொள்கை என்ற பாடத்தின் நெஞ்சு அங்கேதான் துடிக்கிறது.

திருத்தம் வெளியானது. அறிக்கை கேட்ட அமைப்புக்கும் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாக ஒரு வரிக் கடிதம் வந்தது.

அந்த அக்காவைத் தேடிப் போனேன். மறுபடி நாலரை மணி நிறுத்தம். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் வேலையை வேலை இல்லை என்று எழுதிவிட்டேன் என்றும், இப்போது திருத்திவிட்டேன் என்றும். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“சரிம்மா, எழுதிட்ட. நாலே முக்காலுக்கு ஒரு பஸ்ஸு விடச் சொல்லேன். நேரா போறா மாதிரி.”

மன்னிப்பை எதிர்பார்த்துப் போயிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு நடை பஸ். வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்தில் மனு எழுதினேன். எத்தனை பேர், எந்த நிறுத்தம், எந்த நேரம், எங்கே இறங்க வேண்டும். நிறுத்தத்தில் நின்ற பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் கைநாட்டு வைத்தார்கள். ஓராண்டுக்கு மேல் அலைந்தோம். கடைசியில் ஒரு நடை வந்தது. நான் எழுதியவற்றில் அந்த ஒரு பக்கம் அளவுக்குப் பயன்பட்டது வேறெதுவும் இல்லை.

அதன் பிறகு காலம் சற்று நகர்ந்திருக்கிறது. மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்பதை 2019-இல் நாடு முழுவதும் கணக்கெடுத்தார்கள். 2021-இல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. 2023-இல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வந்தது, ‘உரிமை’ என்ற சொல்லோடு. இவை எல்லாம் நான் பூஜ்யம் போட்ட கட்டத்துக்குள் எதையோ எழுதுகின்றன. டிக்கெட்டின் விலை போய்விட்டது. பயணத்தின் மணிகள் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் குறைக்க வேலைக்குப் பக்கத்தில் வீடு வேண்டும்.

நகரங்களைப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். படிவத்தைத் தமிழில் எழுதிய பிறகு, அதை நிரப்பப்போகும் தெருவில் ஒரு பெண்ணிடம் வாசித்துக்காட்டுங்கள். அவர் எந்தச் சொல்லில் இரண்டு பொருள் எடுக்கிறார் என்று பாருங்கள். நீங்கள் போகும் நேரத்தில் யார் வீட்டில் இல்லையோ, அவருடைய கணக்குத்தான் தவறப்போகிறது. அட்டவணையின் கீழே, எதெதற்குப் பூஜ்யம் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று எழுதி உங்கள் பெயரை இடுங்கள். தவறு தெரிந்தால், பதவி ஆணை வரும்வரை காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன்.

ஓய்வு பெற்ற நாளில் பீரோவைக் காலி செய்தேன். படிவங்களைத் துறையிடம் ஒப்படைத்தேன். ஒப்படைக்கும் முன், என் கையெழுத்தில் இருந்த அந்த வாட்ச்மேன் வீட்டுப் படிவத்தில், 92-ஐச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பக்கத்தில் 31 என்று எழுதினேன். கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டு, கட்டின் மேலேயே வைத்துக் கட்டிக் கொடுத்தேன். அடுத்து அந்தக் கட்டை அவிழ்க்கும் மாணவர் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.